அம்மா ஏன் மாத்திரையை விட்டாள்?

தியாகதுருகம் பக்கம் ஒருவருக்குச் சுகர் என்று தெரிந்துவிட்டால், அதன் பிறகு ஆயுள் முழுக்க அவரைத் துரத்துகிற கேள்வி ஒன்றுதான்: "மாத்திரை ஒழுங்கா போடுறியா?" டாக்டர் கேட்பார், நர்சம்மா கேட்பார், கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் கேட்பார். இல்லை என்று சொல்லிவிட்டால் விசாரணை முடிந்தது. ஏன் என்று அதற்கு மேல் கேட்பவர் அபூர்வம். உடம்பைக் கெடுத்துக்கொண்டது அவரவர் பொறுப்பு என்று பேச்சு முடிந்துவிடும்.

நான் படித்தது புள்ளியியல். படிப்பு முடிந்த கையோடு ஒரு சுகாதார ஆய்வில் வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய் நிரப்பிக்கொண்டு வரும் கேள்விப் படிவங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும், பிறகு கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். யாருக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் நிற்கும், யாருக்கு நிற்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். வயது, படிப்பு, வருமானம், எடை, புகை, குடி, உடற்பயிற்சி, மாத்திரை என்று வரிசையாகக் கட்டங்கள். ஒரு ஆளின் வாழ்க்கை நாலு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

எங்கள் ஊர்ப் படிவங்களும் என் மேசைக்கு வந்தன. அவற்றில் ஒன்றைப் பிரித்ததும் கை நின்றுவிட்டது. படிவத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் தெரு, வயது, பிள்ளைகள் எத்தனை, அதில் படித்தது யார், கணவர் இறந்த வருஷம் எல்லாம் சேர்ந்து அது எங்கள் அம்மா என்று சொல்லிவிட்டன. படிப்பு மூன்றாம் வகுப்பு. தொழில் விவசாயக் கூலி. மாத்திரை தினமும் சாப்பிடுகிறாரா? இல்லை. காரணம் என்ற இடத்தில் நான்கு விடைகள் அச்சிட்டிருந்தார்கள்: மறதி, அலட்சியம், மருந்து கிடைக்கவில்லை, பிற. இரண்டாவதில் டிக் விழுந்திருந்தது.

அலட்சியம். பனியில் நனையும் என்று வைக்கோலுக்குக்கூட ராத்திரி எழுந்து தார்ப்பாய் மூடுகிற அம்மாவுக்கு அலட்சியம்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அதட்டாமல், படிவத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல், ஒரு நாள் முழுக்க அவள் கூடவே இருந்தேன். கரும்பு வெட்டுக் காலம் அது. எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. கட்டிங் ஆர்டர் வந்துவிட்டால் தோட்டக்காரரும் வெட்டுகிற செட்டும் இரவு பகல் பார்ப்பதில்லை. கூலி டன் கணக்கு. ஆண்கள் வெட்ட, பெண்கள் சோகை கழித்துக் கட்டு கட்டிப் போட வேண்டும். ஒருவர் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் மொத்த செட்டுக்கும் அன்றைய கணக்கு குறையும். அதனால் யாரும் உட்கார மாட்டார்கள்.

அம்மா விடியற்காலையில் எழுந்து சோறு ஆக்கித் தூக்கில் போட்டுக்கொண்டு, ஆறு மணிக்கு வண்டி ஏறிவிடுவாள். வயிற்றில் டீத்தண்ணி மட்டும்தான். முதல் கவளம் வாயில் போவது பத்து மணிக்கு மேல். மாத்திரைக் கவரின் மேல் 'காலை, இரவு, சாப்பிட்ட பின்' என்று பேனாவில் குறித்திருந்தது. சாப்பிட்ட பின் என்றால் பத்து மணிக்குக் கரும்புக் கொல்லையில் போட வேண்டும். மாத்திரையை அவள் சுருக்குப்பையில் வெற்றிலையோடு எடுத்துக்கொண்டுதான் போயிருந்தாள். ஆனால் வெளியே எடுக்கவில்லை.

"ஏம்மா போடல?" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்: "அதப் போட்டா வயித்தக் கலக்குதுடி. ஆம்பளைங்க சுத்தி நிக்கறாங்க. நான் எங்கப் போயி ஒதுங்கறது?"

அவ்வளவுதான். மெட்ஃபார்மின் மாத்திரைக்கு வயிற்றைக் கலக்கும் குணம் உண்டு. ஆரம்பத்தில் பலருக்கு வரும், சிலருக்கு நீடிக்கும். மருத்துவம் படித்த எல்லோருக்கும் இது தெரியும். கரும்புக் கொல்லையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டு விஷயங்களும் ஒரே இடத்தில் சந்திக்கவே இல்லை. டாக்டரிடம் கழிப்பறை பற்றிப் பேச அம்மாவுக்குக் கூச்சம். கொல்லை எப்படி இருக்கும் என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

அவள் தண்ணீர் குடிப்பதும் அந்த நாளில்தான் என் கண்ணில் பட்டது. அந்த வெயிலில், அந்த வேலையில், வாயை நனைத்துக்கொள்கிற அளவுக்குத்தான் குடித்தாள். கூட இருந்த பெண்கள் எல்லோரும் அப்படியே. ஒருத்திக்குப் பிரஷருக்காக 'தண்ணி மாத்திரை' கொடுத்திருந்தார்கள். சிறுநீரை அதிகமாகப் போக வைக்கும் மாத்திரை அது. வேலை நாட்களில் அதைத் தொடுவதே இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுவாளாம். உடம்பைப் பற்றிய அக்கறையில்தான் அதையாவது செய்தாள்.

இது எங்கள் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. நிகரகுவா, எல் சால்வடார் என்ற மத்திய அமெரிக்க நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் சர்க்கரை நோயும் இல்லாமல் பெரிய கொதிப்பும் இல்லாமல் சிறுநீரகம் கெட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். கடும் வெயில், கடும் உழைப்பு, உடம்பில் நீர் வற்றிப்போவது ஆகியவைதான் முக்கியக் காரணங்கள் என்று ஆராய்ந்தவர்கள் சந்தேகிக்கிறார்கள். அங்கே பரிந்துரைத்த தீர்வு தண்ணீர், நிழல், ஓய்வு. 'நிறைய தண்ணீர் குடியுங்கள்' என்று நோட்டீஸ் ஒட்டுவதோடு நின்றிருந்தால் டன் கணக்கில் கூலி வாங்குகிறவன் எப்படி நின்று குடிப்பான்? ஓய்வை வேலை நேரத்துக்குள்ளேயே வைத்தால்தான் தண்ணீரும் உள்ளே போகும்.

அம்மாவை நானே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கொல்லை, வயிற்றுக் கலக்கல், பத்து மணிச் சாப்பாடு எல்லாவற்றையும் நான் சொன்னேன், அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, மெதுவாகக் கரையும் வகை மாத்திரையாக மாற்றி, அதையும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் போடும்படி எழுதிக் கொடுத்தார். இது புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு அம்மா மாத்திரையை விட்டதில்லை. அவள் குணமும் மாறவில்லை, படிப்பும் கூடவில்லை, வருமானமும் ஏறவில்லை.

இதிலிருந்துதான் என் தொழிலை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்.

நோயைக் கணிக்கும் கணக்குகளுக்கு ஒரு பெரிய பரம்பரை உண்டு. 1948-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைத் தொடர்ந்து கவனிக்க ஆரம்பித்தார்கள். கொதிப்பு, கொழுப்பு, புகை ஆகியவை மாரடைப்புக்கு வழி வகுக்கும் என்று இன்று நாம் சர்வசாதாரணமாகப் பேசுவதற்கு அந்த ஊர் மக்கள் முக்கியக் காரணம். அவர்களை வைத்துத்தான் இன்னும் பத்து வருஷத்தில் உனக்கு மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் மதிப்பெண் பிறந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வட்டார வாரியாக வெளியிட்ட அட்டவணையும் அதே வழிதான்: வயது, ஆணா பெண்ணா, புகைப்பாரா, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு. இவை போதும், ஆளின் நிலைமை தெரிந்துவிடும். நல்ல கருவி, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்த ஆள் எந்தக் கூலிக்கு எப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்க்கிறார் என்பதற்கு அதில் இடமில்லை.

இடம் வேண்டும் என்பதற்கு அசைக்க முடியாத சாட்சி லண்டனில் இருந்து வந்தது. 1967-இல் அங்கே அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த 17,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பரிசோதித்து, பல வருஷம் தொடர்ந்தார்கள். வைட்ஹால் ஆய்வு என்று பெயர். மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் அதன் முடிவுகளை உலகறியச் செய்தார். கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் சாகும் விகிதம், உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தது. கீழே இருப்பவர்கள் அதிகம் புகைக்கிறார்கள், அதனால்தான் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தால், புகை, கொதிப்பு, கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. இத்தனைக்கும் அவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் இலவச மருத்துவம். ஒருவர் படியில் எங்கே நிற்கிறார் என்பதே உடம்புக்குள் புகுந்து வேலை செய்கிறது. பிரிட்டனில் பின்னால், 2007-இல் வந்த கியூரிஸ்க் என்ற இதய நோய்க் கணிப்பில், நோயாளி குடியிருக்கும் பகுதி எவ்வளவு வறுமையானது என்பதையும் ஒரு காரணியாகவே சேர்த்துவிட்டார்கள். முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம் கொஞ்சம் நுட்பமானது, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரே கணக்கில் 'டன் கூலி' என்பதையும் 'மாத்திரையை விட்டார்' என்பதையும் சேர்த்துப் போட்டால், எடை முழுக்க மாத்திரையின் பக்கம் விழும். ஏனென்றால் மாத்திரையை விட்டதற்கும் சர்க்கரை ஏறியதற்கும் நடுவில் வேறு படி இல்லை. கூலி முறைக்கும் சர்க்கரைக்கும் நடுவில் பல படிகள்: கூலி முறையால் ஓய்வில்லை, ஓய்வில்லாததால் சாப்பாடு தள்ளிப்போகிறது, ஒதுங்க இடமில்லை, அதனால் மாத்திரை விடுபடுகிறது. கூலி முறை எந்த வழியாக உடம்பைத் தாக்குகிறதோ அந்த வழியைக் கணக்கில் அடைத்துவிட்டு, 'கூலி முறைக்கு என்ன பங்கு?' என்று கேட்டால் கணினி 'பெரிதாக ஒன்றும் இல்லை' என்றுதான் சொல்லும். கணினி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. ஆனால் அறிக்கையில் அது 'கல்வியறிவு குறைந்த பெண்களிடம் மருந்து ஒழுங்கு குறைவு' என்று அச்சாகி, அடுத்த வருஷம் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தப் பணம் ஒதுக்குவார்கள். ஏரியில் மதகு அடைத்துக் கிடக்க, கடைமடைக்காரனைக் கூப்பிட்டு நீர் மேலாண்மை வகுப்பு எடுப்பதற்கு ஒப்பானது இது.

எப்போது கேட்டோம், யாரிடம் கேட்டோம் என்பதும் அதே அளவு முக்கியம். கணக்கெடுப்பவர்கள் பகல் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருகிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் யார்? வேலைக்குப் போகாதவர், வயதானவர், கடை வைத்திருப்பவர். ஆறு மணிக்கு வண்டி ஏறியவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. அம்மா அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்ததால் அகப்பட்டாள். அதே அம்மாவை வெட்டு இல்லாத மாதத்தில் கேட்டிருந்தால் 'தினமும் போடுகிறேன்' என்று உண்மையாகவே சொல்லியிருப்பாள். ஒரே ஆள் பங்குனியில் அலட்சியக்காரி, ஆடியில் ஒழுங்கானவள். பருவத்தைக் கேட்காத படிவம் இதைக் குணமாக எழுதிக்கொள்கிறது.

நூறுநாள் வேலையிலும் இந்தச் சிக்கலைப் பார்த்தேன். 2023 ஜனவரியில் இருந்து வேலை நடக்கும் இடத்தில் காலையிலும் மதியத்துக்குப் பிறகும் செல்போனில் படம் பிடித்து வருகைப் பதிவு செய்வது கட்டாயமானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளிகளைப் பார்க்கிற நேரமும் அந்தக் காலை நேரம்தான். மாத்திரை வாங்கப் போனால் படத்தில் முகம் இருக்காது, படத்தில் முகம் இல்லாவிட்டால் கூலி இல்லை. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஒரு ஏழைப் பெண் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று சொல்ல எந்தக் கணினியும் தேவையில்லை.

அதனால்தான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது அது. குறைகள் உண்டு, வருகிற தன்னார்வலர்களுக்குக் கொடுக்கும் ஊதியமும் போதாது. ஆனால் அதன் அடிப்படை யோசனை சரியானது. 'நீ வரவில்லை' என்று குற்றம் சொல்வதை விட்டு, மாத்திரையை வீட்டுக்கு நகர்த்தினார்கள். எங்கள் பக்கத்துத் தெருவுக்கு வருகிற பெண் கொளுத்துகிற நேரத்தில் வருவதில்லை, பொழுது சாய்ந்து அடுப்பு பற்ற வைக்கும் நேரத்தில் வருகிறாள். யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். அவள் தலைக்குள் இருப்பதுதான் நான் பார்த்ததிலேயே நல்ல கணிப்பு முறை. அதை யாரும் அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை.

எங்கள் மாவட்டத்துக் கல்வராயன் மலையை நினைத்தால் கவலை இன்னும் கூடுகிறது. வெள்ளிமலை, கரியாலூர் பக்கமெல்லாம் மலையாளி பழங்குடியினர் வாழும் ஊர்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. மற்ற ஊர்களுக்குக் கிடைத்த பல உரிமைகள் அங்கே பிந்தித்தான் ஏறின. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது மாவட்டத் தலைநகர் கொஞ்சம் பக்கத்தில் வந்தது, அவ்வளவே. வேலைக்காகக் குடும்பத்தோடு கேரளத்துத் தோட்டங்களுக்கும் கர்நாடகக் காபித் தோட்டங்களுக்கும் போய்விடுகிறார்கள். இப்படிப்பட்ட மலையில் இருந்து வரும் பதிவேட்டில் சுகர்காரர்கள் குறைவாக இருந்தால் என்ன முடிவுக்கு வருவது? நோய் குறைவு என்றா, கண்டுபிடித்தது குறைவு என்றா?

இந்த மயக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2019-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஜியாத் ஓபர்மேயர் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் எழுதியது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணிக்க அங்கே மருத்துவமனைகள் ஒரு மென்பொருளைப் பயன்படுத்திவந்தன. நோயின் கடுமையை நேராக அளக்காமல், ஒருவருக்காக ஆன மருத்துவச் செலவை வைத்து அது கணக்குப் போட்டது. அதே அளவு நோய் இருந்தும் கறுப்பின மக்களுக்காகச் செலவழித்தது குறைவு. ஆகவே அவர்கள் குறைந்த நோயாளிகளாகக் கணக்கில் தெரிந்தார்கள். ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் கறுப்பினத்தவரே உண்மையில் அதிகம் நோயுற்றிருந்தார். கவனிக்காமல் விட்டதையே ஆரோக்கியம் என்று எழுதிக்கொண்டது அந்த மென்பொருள். இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் கணினிக் கணிப்புகள் வரத் தொடங்கியிருக்கின்றன. மலையிலிருந்து இறங்கியே வராதவர்களை அவை எப்படி எண்ணும் என்று இப்போதே கேட்டாக வேண்டும்.

கடைசியாக, குடி. இதை எழுதாமல் கள்ளக்குறிச்சியைப் பற்றி எழுதிவிட முடியாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் ஊரில் இருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே இறங்கிவிடுகிற தூரம். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் காய்ச்சிகள், பெண்களும் உண்டு. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அது கண் நரம்பைத் தாக்கும், ரத்தத்தையே அமிலமாக்கும். சீக்கிரம் வந்தால் மாற்று மருந்தும் டயாலிசிசும் காப்பாற்றும், மணிக்கணக்கு தள்ளிப்போனால் கஷ்டம். அந்த வாரம் புதுச்சேரி ஜிப்மருக்கும் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டே இருந்தது.

'குடித்தவன் செத்தான், இதில் என்ன இருக்கிறது' என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். எங்கள் படிவத்தில் இருந்த கட்டமும் அதையேதான் சொன்னது: குடிப்பாரா, ஆம், இல்லை. கடையில் குவார்ட்டர் வாங்கிக் குடிப்பவருக்கும் அதில் 'ஆம்', சந்தில் சாராயப் பாக்கெட் வாங்கியவருக்கும் 'ஆம்'. செத்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் இருந்த வித்தியாசம் அந்தக் கட்டத்துக்குள் இல்லவே இல்லை. கடைச் சரக்கைவிடப் பாக்கெட் மலிவு. நடந்துபோகும் தூரத்தில் கிடைத்தது. குடித்ததைச் சொன்னால் போலீஸ் வருமோ என்ற பயம் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடும். வயிற்றுவலி, வாந்தி என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பார்கள். சாவை முடிவு செய்தவை விலை, தூரம், பயம், சட்டத்தை மீறிய விற்பனை ஆகியவைதான். 

எங்கள் தாய்மாமன் ஒருவர் மூட்டை தூக்குபவர். பொழுதுக்கும் தூக்கிய தோள் ராத்திரி தூங்க விடாது என்றுதான் குடிக்க ஆரம்பித்தார். அவருக்கு அறிவுரை சொல்லாத ஆள் இல்லை. மூட்டையின் எடையைப் பற்றி யாரும் பேசியதில்லை.

தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாமன் குடியை விடத்தான் வேண்டும், அம்மா மாத்திரையைப் போடத்தான் வேண்டும். ஆனால் ஒரு பழக்கத்தைக் காரணம் என்று எழுதும் முன், அந்தப் பழக்கத்துக்கு என்ன காரணம் என்று ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு எழுத வேண்டும். படிவம் தயாரிக்கும் ஆய்வாளர்களுக்கு இதை நான் வேண்டுகோளாகவே வைக்கிறேன். முதல் சாப்பாடு எத்தனை மணிக்கு, கூலி நாள் கணக்கா டன் கணக்கா, வேலை இடத்தில் கழிப்பறை உண்டா, மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போகுமா. நான்கே கேள்விகள், இரண்டு நிமிஷம் ஆகாது. 'அலட்சியம்' என்ற விடையை மட்டும் படிவத்தில் இருந்து எடுத்துவிடுங்கள்.

இதைப் படிக்கிற உங்களிடமும் ஒன்று. நாளைக்கு யாராவது படிவத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தால், அல்லது டாக்டர் முன்னால் போய் நீங்கள் உட்கார்ந்தால், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வராதீர்கள். எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள், எதனால் மாத்திரை விட்டுப்போகிறது என்பதை, அவர் கேட்காவிட்டாலும், கூச்சப்படாமல் நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் சொல்லத் தயங்குகிற அம்மா இருந்தால், கூடப் போய் நீங்கள் சொல்லுங்கள்.